சீயஸின் இடிக்கு ஓர் அறிவித்தல்

கலாசார உத்தியோகத்தரிடமிருந்து வந்த கடிதத்தில் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. எமது மன்றம் மேடையேற்றவிருக்கும் இசை நாடகத்தில் பார்வையாளர்களின் மனதைச் சங்கடப்படுத்தக்கூடிய விடயங்கள் ஏதும் உண்டா? உண்டெனில் அவற்றைப் பொதுமக்களுக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

மன்றத்தின் செயலாளர் நான். செட்டிபாளையத்தில் மன்றம், கோயில், மீனவர் சங்கம் என்று எதற்குக் கடிதம் தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வருவார்கள். ‘அவ்வாறான விடயங்கள் எவையும் இல்லை’ என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடலாம் என்ற எண்ணத்தோடு நாடகப் பிரதியைப் புரட்டினேன். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு தகப்பன் தன் பிள்ளைகளை விழுங்கிக்கொண்டிருந்தான்.

பிரதியை எழுதியவள் வதனி, என் அக்காவின் மகள். பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வந்து பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கிரேக்க நாட்டுப் பழைய கடவுள்களைப் பிடித்து, ஒரே வளவுக்குள் குடியிருக்கும் சொந்தக்காரரைப் போல அவர்களைச் சண்டை பிடிக்க வைத்திருந்தாள். நாடகத்தின் பெயரும் ‘ஒலிம்பஸ் வளவு’தான். கடவுள்களுக்கெல்லாம் அரசன் சீயஸ். இடியைக் கையில் வைத்திருப்பவன். வீட்டில் ஹீரா என்றொரு மனைவி இருக்க, மாடாகவும் அன்னமாகவும் உருமாறி ஊர்ப் பெண்களைப் பார்க்கப் போகிறவன். ஒவ்வொரு முறையும் ஹீரா அவனைக் கையும் மெய்யுமாகப் பிடித்துப் பாட்டிலேயே கிழித்துப் போடுகிறாள். வசனம் கொஞ்சம், பாட்டு அதிகம். மெட்டெல்லாம் நம் கூத்து மெட்டு.

அன்று பின்னேரம் வதனியைக் கூப்பிட்டு மேசைக்கு எதிரே இருத்தினேன். அடிமட்டத்தால் கோடு போட்டு, இலக்கம் எழுதினேன்.

“சொல்லு புள்ள. ஒண்டு?”

“தகப்பன் பிள்ளைகள விழுங்குறது. சீயஸ்ட தகப்பன்.”

“முழுசாவா?”

“முழுசாத்தான் மாமா. மறுகா கக்கிருவார். எல்லாரும் உசிரோட வெளிய வருவாங்க.”

‘விழுங்கப்பட்ட பிள்ளைகள் சேதமின்றித் திரும்பப் பெறப்படுவர்’ என்று எழுதினேன். வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“ரெண்டு?”

“சீயஸும் ஹீராவும் கூடப்பிறந்த ஆக்கள்.”

என் பேனா நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் பெண் எடுப்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. கடவுள் மாடாக மாறுவதை ஊர் பொறுத்துக்கொள்ளும். இதைப் பொறுக்குமா?

“புள்ள, இது ஒரே குடிக்குள்ள கலியாணமெல்லா?”

“அது கிரேக்கத்தில மாமா.”

“ஆடப்போறது செட்டிபாளையத்தில கண்டயோ.”

அதையும் எழுதிக்கொண்டேன். மூன்றாவது, சீயஸின் அண்ணன் பொசைடன். கடலுக்குக் கடவுள். கோபம் வந்தால் கடலைத் தூக்கிக்கொண்டு வருகிறவன். நான்காவது இலக்கத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வதனி மேசையில் கிடந்த அடிமட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

“இடி” என்றாள்.

வதனியின் தாய், என் அக்கா அன்னப்பூரணிக்கு, திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் உடம்பு அவள் சொல்லுக்கு அடங்காது. கை உதறும், மூச்சு வாங்கும், எங்கே ஓடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. சண்டைக் காலத்தில் பட்டது. சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது, சத்தம் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கோயில் தேருக்குச் சீனவெடி கொளுத்தப் போகிறார்கள் என்றால் முன்கூட்டியே ஆற்றங்கரைப் பக்கம் போய்விடுவாள். கலியாண வீட்டில் வெடியெல்லாம் ஓய்ந்து, பந்திக்குப் பிந்தித்தான் வருவாள். வதனியின் முதல் நாடகத்தில் எவனோ ஒருவன் பெரிய மத்தளத்தில் போட்ட போட்டில் பாதியில் எழும்பிப் போனாள். இரண்டாவதற்கு வரவேயில்லை.

ஆனால் உடுப்புத் தைத்ததெல்லாம் அவள்தான். ஊரில் தையல் கடை அவளுடையது. ஹீராவின் சட்டையை ஒரு பழைய கலியாணக் கூறையிலிருந்து வெட்டினாள். சீயஸ் அன்னமாக மாறுவதற்குரிய சிறகுகளை உரப்பையில் தைத்து, ஓரத்துக்கு வெள்ளை ரிப்பன் வைத்தாள். பாட்டுகளும் அவளுக்குப் பாடம். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஹீராவின் கடைசிப் பாட்டைப் பாடுவாள். அந்தப் பாட்டை, ஹீராவாக நடிக்கும் மகள் கூத்துக் களரியில் நின்று பாடுவதைப் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஆசை. தாய் பார்க்க வேண்டுமென்று மகளுக்கு அதைவிட ஆசை. இடையில் நின்றது இடி. சீயஸ் மூன்று முறை இடி இடிப்பான். மூன்றாவது, ஹீராவின் வாயை அடைப்பதற்காக அவன் இடிக்கிற பேரிடி. அதற்குப் பயப்படாமல் அவள் பாடுவதுதான் கடைசிப் பாட்டு.

இடியை எடுத்துவிடுகிறேன் என்று வதனி தாயிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அக்கா விடவில்லை.

“இடி இல்லாட்டி சீயஸ் ஆரு? சும்மா பொம்புளைகளுக்குப் பின்னால திரியுறவன். எனக்காக நாடகத்த நொண்டியாக்காத புள்ள. நான் வீட்ட இரிந்து கேக்கிறன்.”

அதனால் இடியை மட்டும் அவள் காதில் விழாதபடி கடற்கரையில் ஒத்திகை பார்த்தார்கள். சீயஸாக நடிப்பவன் கேதீசன், கரைவலை இழுத்து உரமேறிய உடம்பு. பெரிய கூரைத் தகரமொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு உலக்கையால் ஒரு போடு போட்டானென்றால் தோணிக்குள் படுத்திருந்த நாய்கள் ஊர் தாண்டிக் களுதாவளைப் பக்கம் ஓடும்.

‘மூன்று முறை பேரிடி முழங்கும்’ என்று எழுதி, என் பட்டியலை முடித்தேன்.

அடுத்த பிரச்சினை, அறிவித்தலை எங்கே ஒட்டுவது என்பது. நாடகம் பள்ளிக்கூட மைதானத்தில். வட்டக் களரி, சுற்றிவரச் சனம். கதவுமில்லை, படலையுமில்லை. நாலு பக்கத்தாலும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒட்டினால் ஆடு தின்னும். ஆகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போக, காத்தான்குடியிலிருந்து பஸ்லானின் ஓட்டோவைப் பிடித்தோம். ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ. பஸ்லானின் குரல் செய்தி வாசிப்பவரின் குரலைப் போலக் கனமானது.

நான் எழுதிக் கொடுத்ததை அவன் ஒருமுறை மனதுக்குள் வாசித்தான்.

“சேர், ஒவ்வொண்டுக்கும் முன்னால ‘எச்சரிக்கை’ எண்டு போட்டிரிக்கீங்க. அதையும் வாசிக்கிறதா?”

“எழுதினத எழுதினபடி வாசி தம்பி.”

ஒவ்வொரு விடயத்துக்கும் தலைப்பு வேண்டும் என்பது என் பழக்கம். ‘நாடகம்’ என்ற சொல்லை மேலே தலைப்பில் ஒருமுறை போட்டாயிற்று, கீழே திரும்பத் திரும்பப் போடுவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். அந்த நேரம் அது எனக்குப் பிழையாகத் தெரியவில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று உரமாக வீசிக்கொண்டிருந்தது. பஸ்லான் பிரதான வீதியால் தெற்கே போனான். அவன் குரலைக் காற்று துண்டு துண்டாக அள்ளிக் கடற்கரைக்குக் கொண்டுபோயிற்று. தலைப்பு வீதியோடு நின்றுவிட்டது. கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்:

“எச்சரிக்கை! கடல் எழும்பி வரும்! எச்சரிக்கை! பேரிடி முழங்கும்! கர்ப்பிணித் தாய்மாரும் சிறுவர்களும் தகுந்த முன்னேற்பாடுகளைச் செய்துகொள்ளவும்!”

கடல் ஒரு தரம் எங்கள் ஊருக்குள் வந்து போனது. அதிலிருந்து கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப்பத்திரம், காணி உறுதி எல்லாம் அதற்குள். பையை எடுத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள், ஆடுகளை அவிழ்த்தார்கள், வீதிக்கு வந்துவிட்டார்கள். நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பிரதான வீதியில் தேர்த் திருவிழாக் கூட்டம். கல்முனை பஸ் அந்தப் பக்கமும் போக முடியாமல் இந்தப் பக்கமும் போக முடியாமல் நடுவில் நின்றது. பஸ்லானின் ஓட்டோவைச் சுற்றி ஆட்கள்.

“எத்தின மணிக்கு வருகுது?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆறு மணிக்கு” என்றான் பஸ்லான், நாடகத்தை நினைத்துக்கொண்டு.

“எங்க?”

“பள்ளிக்கூட மைதானத்தில.”

“மைதானம் வரைக்கும் வருமாமே!” என்று ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

“சனிக்கிழமதான் உம்மா! பாய் கொண்டு வாங்க!”

அவன் பாய் கொண்டுவரச் சொன்னதும்தான் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு, ஓட்டோப் படியில் ஏறி நின்று, இது நாடகம், கடல் எழும்பாது, எழும்புகிறவன் நம் சின்னையாவின் மகன், நீலச்சேலையைப் பிடித்துக்கொண்டு எழும்புவான் என்று விளக்கினேன். சிலர் சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை.

மன்றத் தலைவர் கதிர்காமத்தம்பி அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சேவல். அவசரத்தில் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

“உன்ட எழுத்துக்கு ஊரே ஓடுது தம்பி! இனி உன்ட எச்சரிக்கையும் வேணாம், ஒண்டும் வேணாம். கிராம உத்தியோகத்தர் என்னைப் பிடிச்சுத் தின்னப் போறார். ஒலிபெருக்கியக் கழட்டு!”

“அண்ணன், முன்கூட்டியே சொல்லாட்டி அனுமதி இல்லியே...”

“சொல்லித்தானே இந்தக் கூத்து!” என்றார். சேவலும் கூவிற்று.

அப்போதுதான் அக்காவைக் கண்டேன். வீதியோர வாகை மரத்தடியில் ஒரு பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் மூச்சு வாங்க, அவள் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல இருந்தாள். பயந்துபோய் அருகே ஓடினேன்.

“அக்கா, ஒண்டுமில்ல, பயப்படாத. அது நாடகத்துக்கு...”

“எனக்கென்ன பயம்? கடல் வருகுது எண்டான். தையல் மெஷின மூடினன், கதவப் பூட்டினன், செருப்பையும் போட்டுக்கிட்டு வந்தன்.”

பைக்குள் எட்டிப் பார்த்தேன். உறுதியும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. ஹீராவின் சட்டையும் அன்னத்தின் இரண்டு சிறகுகளும் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

“உனக்குக் கை உதறல்லியா?”

“சொல்லிப்போட்டு வாறதுக்கு ஏன்டா உதறப்போகுது? சொல்லாம வாறதுதான் என்னை ஆட்டுறது.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுதிய அறிவித்தலை நினைத்துப் பார்த்தேன். மூன்று முறை பேரிடி முழங்கும். சரி, எப்போது? அது எழுதியிருக்கவில்லை. அதைக் கேட்டுவிட்டு அக்கா வந்து உட்கார்ந்தால், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் இடியையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாடகத்தை எங்கே பார்ப்பாள்?

வதனியிடம் இதைச் சொன்னேன். அவள் எழும்பி நின்றுவிட்டாள்.

“மாமா, கூத்தில ராசா வரமுந்தி கட்டியகாரன் வந்து சொல்லுறான்தானே, இன்ன ராசா வாறார் எண்டு? நம்மட நாடகத்திலயும் கட்டியகாரன் இரிக்கான். ராசா வாறதச் சொல்லுறவன் இடி வாறதையும் சொல்லட்டுமே!”

கட்டியகாரனாக நடித்தவன் நிலோஜன். மட்டக்களப்பு – கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர். நாள் முழுக்க அடுத்த தரிப்பைக் கத்திச் சொல்வதுதான் அவன் தொழில். சொன்னதும் பிடித்துக்கொண்டான்.

“இவ்வளவுதானே டீச்சர்! பஸ்ஸில சொல்லாட்டி சனம் என்னைக் கொன்டுபோடும். இடி எனக்கொரு தரிப்பு, அவ்வளவுதான்.”

கேதீசனுக்குத்தான் முகம் கறுத்தது.

“தங்கச்சி, நான் இடிக் கடவுள். நான் இடிக்கமுந்தி ஒருத்தன் வந்து ‘இடி வருகுது, இடி வருகுது’ எண்டு கத்தினா எனக்கென்ன மதிப்பு? கொக்குக்கூடப் பயப்படாது.”

“அதுதான் பகிடி அண்ணன்! ஊரெல்லாம் உருமாறி ஏமாத்துறவன், தன்ட இடிய ஒளிச்சுவைக்க ஏலாம நிக்கிறான். ராசாவெண்டாலும் கட்டியகாரன் சொல்லாம அடிக்க ஏலா. ஒலிம்பஸ் வளவுச் சட்டம் அது.”

கேதீசன் யோசித்தான். பிறகு உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு, கோபப்பட்டுக் கொதிக்கும் ராசாவைப் போல இரண்டு எட்டு நடந்து பார்த்தான். தனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சரி. பூரணி மாமிக்காகத்தானே? இவன் சொல்லாம நான் உலக்கைய இறக்க மாட்டன். கடல்தாய் மேல சத்தியம்.”

அக்காவிடம் விடயத்தைச் சொன்னபோது அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “வந்து பாக்கிறன்” என்றாள். “ஆனா இரிப்பன் எண்டு சொல்ல மாட்டன். ஒழும்பினா ஆரும் பின்னால வரப்படாது.”

சனிக்கிழமை வெயில் சாயமுன்பே மைதானம் நிறைந்துவிட்டது. போன கிழமை வீதிக்கு ஓடிய அத்தனை பேரும் எதற்காக ஓடினோம் என்று பார்க்க வந்திருந்தார்கள். கதிர்காமத்தம்பி அண்ணன் முன்வரிசைக் கதிரையில் இருந்தார், சேவல் இல்லாமல். அக்கா பாயின் ஓரத்தில், மைதானத்தை விட்டு வெளியேறும் பக்கமாக இருந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. பாயில் செருப்புக்காலோடு அவள் இருந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நான் இருந்தேன்.

மத்தளமும் சல்லாரித் தாளமும் தொடங்கின. நிலோஜன் சிவப்புத் தலைப்பாகையோடு துள்ளி வந்தான். தோளில் கட்டியகாரனின் கோல், மற்றக் கக்கத்தில் தன் டிக்கட் பை. அந்தப் பையை யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை.

“வணக்கம், வணக்கம்! முன்னுக்கு நிக்கிற ஆக்கள் உள்ளுக்குப் போங்க, இடமிரிக்கு! முதலாவது தரிப்பு, ஒரு தகப்பன் பிள்ளைகள விழுங்கப்போறார்! சின்னப் பிள்ளைகள் பாத்துப் பயந்திராதீங்க, மிச்சமில்லாமத் திருப்பித் தருவார்! பத்திரமா வந்து சேருறதுக்கு நான் பொறுப்பு!”

பிள்ளைகள் விழுங்கப்பட்டார்கள், கக்கப்பட்டார்கள். கைதட்டல். நிலோஜன் மறுபடி வந்தான்.

“அடுத்தது கலியாணம்! மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரே குடி! ஆட்சேபம் உள்ள ஆக்கள் இப்பவே சொல்லுங்க, மறுகா பஞ்சாயத்துக்கு வரப்படாது!”

“எந்தக் குடிடா மனே?” என்று பின்னாலிருந்து ஞானமணி மாமி குரல் கொடுத்தாள். ஊரில் கலியாணப் பொருத்தமெல்லாம் அவளைக் கேட்டுத்தான்.

“கிரேக்கக் குடி மாமி!”

“அந்தக் குடியில நமக்கு ஒருத்தரும் இல்ல. நடத்து, நடத்து!”

மைதானம் சிரிப்பில் உருண்டது. நான் எழுதிய இரண்டாம் இலக்கம் இவ்வளவு சுலபமாகத் தீருமென்று நினைக்கவில்லை. பொசைடனுக்கு முன்னால் நிலோஜன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தான்.

“இனிக் கடல் எழும்பப்போகுது. இது துணிக்கடல்! ஆரும் அடையாள அட்டையத் தூக்கிக்கிட்டு ஓடப்படாது. தலைவர் ஐயா, சேவல் பத்திரமா இரிக்கா?”

கதிர்காமத்தம்பி அண்ணன் சால்வையால் முகத்தைத் துடைப்பதுபோல முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிறகு முதலாவது இடி வந்தது. கேதீசன் உலக்கையைத் தூக்கிக்கொண்டு தகரத்துக்கு முன்னால் போய் நின்றதும் நிலோஜன் குறுக்கே பாய்ந்தான்.

“கொஞ்சம் பொறுங்க ராசா! இடி, இடி, இடி! காது பொத்துற ஆக்கள் பொத்துங்க! பின்னுக்கு? ஆச்சா?”

“ஆச்சு!” என்றது கூட்டம்.

“ரைட், போகலாம்!”

கேதீசன், மரியாதை கெட்ட ராசாவின் முகத்தோடு, தகரத்தில் ஒன்று போட்டான். மைதானம் அதிர்ந்தது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையை முழங்காலில் புதைத்தாள். முதுகு ஒருமுறை துள்ளியது. ஒரு கால் பாயை விட்டு வெளியே போயிற்று. எழும்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். சற்று நேரத்தில் அந்தக் கால் திரும்பி வந்தது.

“முடிஞ்சுதா?” என்று கேட்டாள்.

“முடிஞ்சுது.”

“இன்னும் ரெண்டு இரிக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நிமிர்ந்தாள். அன்னம் வந்தபோது முன்னால் சாய்ந்து சிறகைப் பார்த்தாள். இரண்டாவது இடிக்கு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதால் ஒரு காதைத்தான் பொத்த முடிந்தது. அவள் நகம் பதிந்த தடம் எனக்கு இரண்டு நாள் இருந்தது. இடி முடிந்ததும் கையை விட்டுவிட்டு, “ராசாட மூஞ்சியப் பாரன்” என்று சிரித்தாள். அதற்குப் பிறகு எப்போதோ செருப்பைக் கழற்றியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. ஹீரா களரியின் நடுவில் நிற்கிறாள். வாயை மூடு, இல்லாவிட்டால் இடிப்பேன் என்று சீயஸ் சீறுகிறான். இடி, பார்ப்போம் என்கிறாள் ஹீரா. கேதீசன் உலக்கையைத் தலைக்கு மேலே தூக்கினான். மத்தளம் நின்றது.

நிலோஜன் வரவில்லை.

கூட்டம் அவன் வரும் பக்கத்தைப் பார்த்தது. கேதீசனும் பார்த்தான். உலக்கை மேலேயே நின்றது.

“அடே கட்டியகாரா! எங்கடா துலைஞ்சாய்?” என்று ராசாவின் குரலிலேயே கூப்பிட்டான்.

உடுப்பு மாற்றக் கட்டியிருந்த தட்டிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: “வேட்டி ஆணியில மாட்டிட்டு ராசா! இழுத்தா முழுசா வந்திரும்!”

சிரிப்பு எழும்பி அடங்கியது. நிலோஜன் இன்னும் வரவில்லை. பாரமான உலக்கை அது; கேதீசன் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான். அடித்துவிடு என்று மத்தளக்காரர் கண்ணைக் காட்டினார். கேதீசன் தலையை ஆட்டினான். செய்த சத்தியம் அவனைப் பிடித்து நிறுத்தியிருந்தது. நடுவில் நின்ற வதனி பாடவும் முடியாமல், பேசவும் முடியாமல், கூட்டத்துக்குள் தாயைத் தேடினாள். அவள் வாய் மெல்லத் திறந்ததைக் கண்டேன். இடியை விடுங்க அண்ணன், நான் பாடுறன் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா எழும்பினாள்.

போகிறாள் என்று நானும் அரைவாசி எழும்பிவிட்டேன். ஆனால் அவள் வெளிப்பக்கம் திரும்பவில்லை. களரியைப் பார்த்தபடி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தாள்.

“இடி வருகுது! காது பொத்துற ஆக்கள் பொத்துங்க!”

தையல் கடையிலிருந்துகொண்டு தெருவில் போகிறவரைக் கூப்பிடும் அதே குரல். மைதானம் முழுவதும் ஒரு கணம் அவளைப் பார்த்தது. பிறகு எல்லாரும் காதைப் பொத்தினார்கள், சின்னப் பிள்ளைகள் முதல் கதிர்காமத்தம்பி அண்ணன் வரை. அவள் மட்டும் பொத்தவில்லை. அவளுடைய கைகள் வாயில் இருந்தன.

“ஆச்சு! அடி மனே!”

கேதீசன் அடித்தான். அவ்வளவு நேரம் தாங்கிப் பிடித்திருந்த பலமெல்லாம் அந்த ஒரு போட்டில் இறங்கியது. தகரம் கயிற்றை அறுத்துக்கொண்டு நிலத்தில் விழுந்து, அங்கேயும் ஒருமுறை இடித்தது. அந்த நாலாவதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்காவின் தோள் குலுங்கியது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே நின்று மூச்சை இழுத்து விட்டாள்.

“சும்மா இரி. பாடப்போகுது” என்றாள்.

வதனி பாடினாள். முதல் வரி கொஞ்சம் கரகரத்தது, பிறகு தெளிந்தது. அக்கா உட்காரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ‘இரிங்க, மறைக்குது’ என்றும் சொல்லவில்லை. பாட்டின் நடுவில், கிழிந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிலோஜன் வந்து, தன் வேலை முடிந்துவிட்டதைக் கண்டு, டிக்கட் பையிலிருந்து ஒரு டிக்கட்டைக் கிழித்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினான். அவள் அதை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள், கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே.

எல்லாம் முடிந்து சனம் பாய் சுருட்டும்போது, கலாசார உத்தியோகத்தருக்கு எழுதவேண்டிய அறிக்கையை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். மூன்றாவது இடி தொடர்பான அறிவித்தல் பார்வையாளர் ஒருவரால் வழங்கப்பட்டது. இதை எந்த இலக்கத்தின் கீழ் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அக்கா குனிந்து பாய்க்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“என்ன தேடுறாய்?”

“செருப்பு. ஒண்டு இரிக்கு, மற்றத எங்க உதறினனோ தெரியா.”

ஹீராவின் சட்டையோடு வதனி ஓடி வந்தாள். வந்தவள் தாயைக் கட்டிப் பிடிக்க, அக்கா அவளுடைய தோளுக்கு மேலால் களரியைப் பார்த்தாள்.

“புள்ள, அன்னத்திட இடப்பக்கச் சிறகு தொங்குது. கழட்டிக் கொண்டு வா, நாளைக்குத் தைச்சுத் தாறன். களுதாவளையில ஆடக்கொள்ள அப்பிடித் தொங்கப்படாது.”

“களுதாவளைக்கும் வருவீங்களாம்மா?”

“வராம? அந்தக் கொண்டக்டர நம்பி இடிய விட ஏலுமா?” என்று சொல்லிவிட்டு, மற்றச் செருப்பைத் தேடி வெறுங்காலோடு மைதானத்துக்குள் நடந்தாள்.